ஒரு நெல்மணி உயரத்தில் மாலுமி: கப்பல் மாதிரி செய்யத் தொடங்குவோருக்கு அளவுத்திட்டம்

சரக்குக் கப்பல் மாதிரி ஒன்று செய்யவேண்டும் என்று வருபவர்களோடு நான் முதலில் மரத்தைப் பற்றியோ பசையைப் பற்றியோ கதைப்பதில்லை. ஒரு நெல்மணியை எடுத்து அவர்களின் உள்ளங்கையில் வைப்பேன். உமியோடு இருக்கும் நெல்மணி ஏறத்தாழ எட்டரை மில்லிமீற்றர் வரும். நிமிர்த்தி நிறுத்தினால் அதுதான் உங்கள் கப்பலின் கப்டன். 170 சென்ரிமீற்றர் உயரமான ஆள் இருநூறில் ஒரு பங்காகச் சிறுத்தால் அவ்வளவுதான் வருவார். அவர் நுழையும் கதவு, ஏறும் ஏணி, சாய்ந்து நிற்கும் கம்பி எல்லாம் அந்த நெல்மணிக்குப் பொருந்தவேண்டும். இது விளங்கிவிட்டால் அளவுத்திட்டம் பாதி விளங்கிவிட்டது.

அளவுத்திட்டம் என்ற சொல் எங்களுக்குப் புதிதில்லை. பள்ளிக்கூடத்தில் புவியியல் பாடத்துக்கு இடவிளக்கப் படத்தை விரித்தபோது 1:50,000 என்று அச்சடித்திருந்ததைப் பார்த்திருப்போம். படத்தில் ஒரு சென்ரிமீற்றர் என்றால் நிலத்தில் 50,000 சென்ரிமீற்றர், அதாவது அரைக் கிலோமீற்றர். மாங்குளத்திலிருந்து ஒட்டுசுட்டானுக்குப் போகும் வீதியின் மேல் நூலை வளைத்து வைத்து, பிறகு அந்த நூலை அடிமட்டத்தில் அளந்து தூரம் கண்டுபிடித்தோமே, அதே கணக்குத்தான் இங்கும். 1:200 என்றால் மாதிரியில் ஒரு சென்ரிமீற்றர், கப்பலில் 200 சென்ரிமீற்றர். ஆனால் படம் தட்டையானது. கப்பலுக்கு உயரமும் உண்டு, வயிறும் உண்டு. அந்த வயிற்றுக்குள் இருக்கும் கணக்கு வேறு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

எந்தக் கப்பல் என்று முதலில் முடிவு செய்வோம். தொடங்குபவர்களுக்கு நான் சொல்வது போருக்குப் பிந்தைய காலத்துச் சரக்குக் கப்பலை. வன்னியில் இருந்துகொண்டு ‘போருக்குப் பிந்தைய’ என்று எழுதினால் எல்லோருக்கும் 2009தான் நினைவுக்கு வரும். இங்கே சொல்வது இரண்டாம் உலகப் போரை. 1941 முதல் 1945 வரை அமெரிக்கா லிபேர்ட்டி என்ற வகையில் 2,710 சரக்குக் கப்பல்களைக் கட்டித்தள்ளியது. போர் முடிந்தபின் அவற்றில் நூற்றுக்கணக்கானவை பல நாட்டு முதலாளிகளின் கைக்குப் போய், தானியமும் நிலக்கரியும் சுமந்தன. 1960களில் அவை கிழடுதட்டியபோது அந்த இடத்தை நிரப்பவென்றே இங்கிலாந்தின் சண்டர்லாந்தில் எஸ்.டி.14 என்ற வகையை வரைந்தார்கள். முதல் கப்பல் 1968இல் வந்தது. பிறகு 200க்கு மேல் கட்டினார்கள். பெயரில் உள்ள 14 என்பது 14,000 தொன் சரக்கைக் குறிக்கும். உண்மையில் 15,000 தொன் அளவுக்கு ஏற்றும்.

இந்த வகையைச் சொல்வதற்குக் காரணம் அதன் எளிமை. நீளம் 141 மீற்றர், அகலம் 20.4 மீற்றர். ஐந்து சரக்கறைகள், நான்கு முன்னால், ஒன்று பின்னால், இடையில் ஆட்கள் தங்கும் மாடியும் புகைபோக்கியும். நடு உடல் கிட்டத்தட்ட ஒரு நீளப் பெட்டி. முன்முனையான அணியத்திலும் பின்முனையான கடையாரிலும் மட்டும்தான் வளைவு. போர்க்கப்பலுக்கு இருப்பதுபோல ஆயிரம் சில்லறைச் சாமான்கள் இதற்கு இல்லை. அதேநேரம் சரக்கைத் தூக்கி இறக்கும் டெரிக்குகளும் கயிறுகளும் இருப்பதால் பார்க்க வெறுமையாகவும் இருக்காது.

எனக்கு இந்தக் கப்பல்களில் பிடிப்பு வந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. 2006 டிசம்பரில், இந்தியாவிலிருந்து தென்னாபிரிக்காவுக்கு 14,000 தொன் அரிசியோடு போன ஃபாரா 3 என்ற ஜோர்தான் நாட்டுக் கப்பல், இயந்திரம் பழுதாகி முல்லைத்தீவுக் கரையில் தரைதட்டியது. அதற்குப் பிறகு வந்த வருடங்களில் அந்தக் கரையில் நின்ற எல்லோருக்கும் அந்த இரும்பு உடலைத் தெரியும். அதன் எதிரே அந்தக் கரையில் நடந்தவையும் தெரியும். பிறகு அதை இரும்புக்காக வெட்டி எடுத்துவிட்டார்கள். எங்களில் பலர் வாழ்க்கையில் மிகக் கிட்ட நின்று பார்த்த ஒரே பெரிய கப்பல் அதுதான், அதுவும் துருவேறி, சரிந்து, உள்ளே ஒன்றும் இல்லாமல். சரக்கோடு, கயிறுகள் இறுக, தண்ணீரில் அமிழ்ந்து ஓடும்போது ஒரு கப்பல் எப்படி இருந்திருக்கும் என்று எனக்குப் பார்க்கவேண்டியிருந்தது. அதற்காகத்தான் தொடங்கினேன்.

சரி, எண்ணுக்கு வருவோம். 141 மீற்றர்க் கப்பலை 1:100இல் செய்தால் 1 மீற்றர் 41 சென்ரிமீற்றர். மேசையில் கொள்ளாது, கதவால் திருப்ப முடியாது, பஸ்ஸில் கொண்டுபோகவும் முடியாது. 1:350இல் செய்தால் 40 சென்ரிமீற்றர், 1:700இல் 20. இந்த இரண்டும் வெளிநாட்டில் பெட்டியில் வரும் பிளாஸ்ரிக் மாதிரிகளின் வழக்கமான எண்கள். அங்கே அச்சில் வார்த்த நுண்ணிய பாகங்கள் கிடைக்கும், ஆகவே அவர்களுக்குச் சரி. கையால் வெட்டி ஒட்டும் எங்களுக்கு 1:700இல் கப்டன் இரண்டரை மில்லிமீற்றர் ஆகிவிடுவார். அவருக்குக் கதவு வெட்ட என் கண்ணும் கையும் போதாது. ஜேர்மனியில் காகித அட்டையில் கப்பல் செய்பவர்கள் நெடுங்காலமாக 1:250ஐ வைத்திருக்கிறார்கள். நான் சொல்வது 1:200. கப்பல் 70 சென்ரிமீற்றரும் கொஞ்சமும் வரும், அகலம் 10 சென்ரிமீற்றர். அலுமாரியின் மேல் நிற்கும். அதைவிடப் பெரிய வசதி, ஒரு மீற்றர் சரியாக 5 மில்லிமீற்றர் ஆகிறது. வீட்டில் இருக்கும் சாதாரண அடிமட்டமே போதும்.

அந்த அடிமட்டத்தையும் ஒருமுறைதான் பாவிக்கவேண்டும். ஒரு பிறிஸ்டல் போட் துண்டை நீளமாக வெட்டி, 5 மில்லிமீற்றருக்கு ஒரு கோடு போட்டு, கோடுகளுக்கு 1, 2, 3 என்று எண் எழுதுங்கள். அது உங்கள் ‘கப்பல் மட்டம்’. இனி அதில் 12 என்று இருப்பது 12 மீற்றர். ஒவ்வொரு தடவையும் பெருக்கிப் பிரிக்கத் தேவையில்லை. சரக்கறை மூடி 12க்கு 8 மீற்றர் என்றால் மட்டத்தை வைத்துக் கோடு போட வேண்டியதுதான். கணக்குப் பிழைகளில் முக்கால்வாசி இந்த ஒரு அட்டைத் துண்டோடு போய்விடும். நான் இதை இரண்டாவது கப்பலில்தான் செய்தேன்.

முதல் கப்பலில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்கள் அதைச் செய்யக்கூடாது என்பதற்காக. நீளத்தையும் அகலத்தையும் 1:200இல் சரியாக வெட்டினேன். மாடியைச் செய்யும்போது அது சின்னதாக இருப்பதுபோலப் பட்டது. கொஞ்சம் உயரமாக இருந்தால் எடுப்பாக இருக்குமே என்று ஒவ்வொரு தட்டையும் மூன்று மில்லிமீற்றர் கூட்டினேன். அதற்கேற்ப புகைபோக்கியும் வளர்ந்தது. முடித்துத் தூர வைத்துப் பார்த்தால் கடலில் ஓடும் கப்பலாகத் தெரியவில்லை, பிறந்தநாள் கேக்கின் மேல் வைக்கும் கப்பலாகத் தெரிந்தது. காரணம் பிடிபட ஒரு கிழமை எடுத்தது. நெல்மணியை எடுத்து மாடியின் பக்கத்தில் நிறுத்தியபோதுதான் கண்டேன்: என் கப்பலில் ஒவ்வொரு தட்டும் மூன்று மீற்றருக்கு மேல் உயரம். ஒரு கப்பல் இருநூறில் ஒன்றாகச் சிறுக்கிறதென்றால் நீளம், அகலம், உயரம் மூன்றும் இருநூறில் ஒன்றாகவே சிறுக்கவேண்டும். ஒன்றில் கை வைத்தால் கண் உடனே கண்டுபிடித்துவிடும். எது பிழை என்று சொல்லத் தெரியாதவருக்கும் ஏதோ பிழை என்று தெரியும்.

வரைபடம் கையில் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் கப்பலின் பக்கவாட்டுப் படம் ஒன்று போதும், நேர் பக்கத்திலிருந்து எடுத்ததாக இருக்கவேண்டும். சரிந்த கோணத்தில் எடுத்த படம் எவ்வளவு அழகாக இருந்தாலும் அளவெடுக்க உதவாது, ஏனென்றால் கிட்ட இருப்பது பெரிதாகவும் எட்ட இருப்பது சின்னதாகவும் விழுந்திருக்கும். நேர்ப் படத்தில் கப்பல் 23.5 சென்ரிமீற்றர் இருக்கிறதென்று வையுங்கள். அசல் 141 மீற்றர். அப்படியானால் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் 6 மீற்றர். படத்தில் கம்பம் ஒன்று 3 சென்ரிமீற்றர் என்றால் அசலில் 18 மீற்றர், கப்பல் மட்டத்தில் 18வது கோடு, மாதிரியில் 9 சென்ரிமீற்றர். தெரிந்த ஓர் அளவிலிருந்து தெரியாத எல்லா அளவையும் எடுத்துவிடலாம்.

போட்டோக்கொப்பி எடுக்கும்போது ஒரு கவனம் வேண்டும். தாளுக்குள் முழுப் படத்தையும் அடக்குவதற்காக இயந்திரம் தன்பாட்டில் படத்தை இரண்டு மூன்று வீதம் சுருக்கிவிடும். கண்ணுக்குத் தெரியாது. ஆனால் 70 சென்ரிமீற்றர்க் கப்பலில் மூன்று வீதம் என்பது இரண்டு சென்ரிமீற்றர். கிளிநொச்சியில் கொப்பி எடுத்த வரைபடத்தை நம்பி நான் வெட்டிய ஒரு மேல்தட்டு இப்போதும் கொட்டிலில் கிடக்கிறது. அதன் பிறகு, கொப்பிக்குக் கொடுக்கும் முன்னால் தாளின் ஓரத்தில் சரியாக 10 சென்ரிமீற்றருக்கு ஒரு கோடு போட்டுவிடுவேன். கொப்பி வந்ததும் முதலில் அந்தக் கோட்டைத்தான் அளப்பேன்.

எதைச் செய்யாமல் விடுவது என்பதையும் அந்த எண்தான் சொல்கிறது. மாதிரியை நீங்கள் அரை மீற்றர் தள்ளி நின்று பார்க்கிறீர்கள். அரை மீற்றரை இருநூறால் பெருக்கினால் 100 மீற்றர். அதாவது நீங்கள் 100 மீற்றருக்கு அப்பால் நின்று ஒரு கப்பலைப் பார்க்கிறீர்கள். அந்தத் தூரத்தில் கதவின் கைபிடி தெரியுமா? தெரியாது, விட்டுவிடுங்கள். தகடுகள் சேரும் இடம்? கப்பலின் தகடு 15 மில்லிமீற்றர் தடிப்பு என்றால் மாதிரியில் அது கொப்பித் தாளைவிட மெல்லியது. சிலர் மட்டையை வெட்டித் தகடு தகடாக ஒட்டுகிறார்கள். அது 1:200இல் கோட்டைச் சுவர்போல நிற்கும். பென்சிலால் மெல்லிய ஒரு கோடு போதும். நிறமும் இப்படித்தான். 100 மீற்றர் தூரத்துக் காற்று எந்த நிறத்தையும் கொஞ்சம் வெளிறச் செய்யும். எனாமல் டின்னைத் திறந்து அப்படியே பூசினால் விளையாட்டுப் பொருளின் மினுக்கம் வந்துவிடும். கறுப்போடும் சிவப்போடும் ஒரு துளி வெள்ளை கலந்து பூசிப் பாருங்கள், கப்பல் தூரத்துக்குப் போய்விடும்.

இனி உடல். மரக்காலையில் கழிவாகப் போடும் துண்டுகளில் மெதுவான மரமாகப் பாருங்கள். முதிரையும் பாலையும் வீட்டுக்கும் வண்டிலுக்கும் நல்லவை, இதற்கு வேண்டாம். கத்தி ஏறாது, பாரமும் கூட. எங்கள் சின்ன வயதில் முள்முருக்கங் கட்டையைச் செதுக்கிக் குளத்தில் கப்பல் விட்டோம், அந்த மாதிரி மரம்தான் வேண்டும். கட்டையாகக் குடையாமல் பலகைகளாக அடுக்குவது தொடங்குபவருக்குச் சுகம். எஸ்.டி.14இன் உடல் அடியிலிருந்து மேல்தட்டுவரை 11.7 மீற்றர், மாதிரியில் 6 சென்ரிமீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. 6 மில்லிமீற்றர்ப் பலகை பத்து அடுக்கினால் வந்துவிடும், எஞ்சியது தேய்ப்பில் போகும். ஒவ்வொரு பலகையும் அசலில் 1.2 மீற்றர். ஆகவே கப்பலை அடியிலிருந்து 1.2 மீற்றருக்கு ஒருதரம் கிடையாகச் சீவினால் என்ன உருவம் வருமோ, அந்த உருவத்தை ஒவ்வொரு பலகையிலும் வெட்டவேண்டும். அடிப்பலகை அணியத்தில் ஒடுங்கியிருக்கும், மேல்பலகை விரிந்திருக்கும். ஒட்டி முடித்ததும் பக்கம் படிப்படியாகத் தெரியும். அந்தப் படிகளைச் சாண்ட் பேப்பரால் தேய்த்து மறையவைத்தால் கப்பலின் வளைவு தானாக வெளிவரும். அடிப்பலகையைத் தவிர மற்றவற்றின் நடுவை வெட்டி எடுத்துவிடுங்கள், ஓரம் ஒரு சென்ரிமீற்றர் போதும். உள்ளே சரக்கறை வேண்டும், காரணம் கடைசியில்.

மேல்தட்டு நேர்கோடு கிடையாது. அணியமும் கடையாரும் சற்று உயர்ந்து நடு தாழ்ந்திருக்கும். எங்கள் ஃபைபர் படகுகளிலும் அது உண்டு, அலை ஏறாமல் இருப்பதற்கு. இதைத் தட்டையாக விட்டால் கப்பல் பெட்டியாகத் தெரியும். மாரிக்காலத்தில் அட்டையால் மேல்தட்டு ஒட்டாதீர்கள். ஈரம் இழுத்து அலையலையாக எழும்பிவிடும். தைமாசம் வெயில் திரும்பும்வரை பொறுத்துக்கொள்ளலாம், அல்லது அட்டையின் இரண்டு பக்கமும் முதலிலேயே வார்னிஷ் பூசிவிடலாம். கறையானுக்கு மரமும் அட்டையும் ஒன்றுதான், ஆகவே செய்து முடிக்கும்வரை நிலத்தில் வைக்கவேண்டாம்.

டெரிக்குகள்தான் அந்தக் காலத்துக் கப்பலின் முகம். துறைமுகத்தில் பாரந்தூக்கி இல்லாவிட்டாலும் தன் சரக்கைத் தானே ஏற்றி இறக்கும் கைகள் அவை. 1956இல் ஐடியல் எக்ஸ் என்ற கப்பல் 58 கொள்கலன்களோடு அமெரிக்கக் கரையோரம் ஓடியது. அதற்குப் பிறகு கொள்கலன் பெருகப் பெருக, பெரிய கப்பல்களின் மேல்தட்டிலிருந்து இந்தக் கைகள் மறைந்துபோயின. 15 மீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள கை ஒன்று மாதிரியில் 7.5 சென்ரிமீற்றர் நீளம், 2 மில்லிமீற்றர் தடிப்பு. இதற்குத் தென்னோலை ஈர்க்கைவிடப் பொருத்தமான ஒன்றை நான் இன்னும் காணவில்லை. ஈர்க்கு அடியில் தடித்து நுனியில் மெலியும். டெரிக்கின் கையும் நுனியில் மெலியும். நன்றாகக் காய்ந்த பழைய விளக்குமாற்றிலிருந்து நேரான ஈர்க்குகளை எடுத்து, பிளேட்டால் சீவி, வார்னிஷ் பூசினால் வருடக்கணக்காக வளையாது.

கயிற்றில்தான் எல்லோரும் தவறுகிறார்கள். தையல் நூலைக் கட்டிவிடுவார்கள். 20 மில்லிமீற்றர் இரும்புக் கயிறு 1:200இல் 0.1 மில்லிமீற்றர், ஒரு தலைமயிர் அளவு. தையல் நூலைக் கிட்டப் பிடித்துப் பாருங்கள்: பஞ்சுமயிர் சிலிர்த்துக்கொண்டு நிற்கும், கப்பலில் அது கயிறு முழுக்கப் பறக்கும் தும்பு ஆகிவிடும். மீன்பிடிச் சாமான் விற்கும் கடையில் இருப்பதிலேயே மெல்லிய தங்கூசி நூலைக் கேளுங்கள். கறுப்பு மார்க்கரை அதன்மேல் ஒருதரம் இழுத்தால் மினுக்கம் போய்விடும். இறுக்கிக் கட்டியபின் வெயிலில் வைத்துப் பார்த்தால் கயிறு இருக்கிறதா இல்லையா என்ற அளவில் தெரியும். 100 மீற்றரிலிருந்து அப்படித்தான் தெரியவேண்டும்.

இப்போது வயிற்றுக்கு வருவோம். ஒட்டுசுட்டானில் இருக்கும் என் மருமகன் சாதாரண தரம் படிக்கிறான். ஒருநாள் கேட்டான்: “மாமா, கப்பல் இருநூறு மடங்கு சின்னன் எண்டால் அதின்ர பாரமும் இருநூறு மடங்குதானே குறையும்?” நல்ல கேள்வி, பெரியவர்களும் இதில் விழுகிறார்கள். நான் அவனிடம் சரக்கறை மூடியைக் காட்டினேன். அசலில் 12க்கு 8 மீற்றர், பரப்பு 96 சதுர மீற்றர். மாதிரியில் 6க்கு 4 சென்ரிமீற்றர், பரப்பு 24 சதுர சென்ரிமீற்றர். பெரியதை மூடச் சின்னது எத்தனை வேண்டும்? நீளப்பக்கம் 200, அகலப்பக்கம் 200, மொத்தம் 40,000. நிறைக்கு உயரமும் சேர்ந்துகொள்கிறது. இன்னுமொரு 200ஆல் பெருக்கவேண்டும். 80 இலட்சம். அசல் கப்பலுக்குள் எங்கள் மாதிரியைப் போல 80 இலட்சம் மாதிரிகளை உருக்கி ஊற்றலாம்.

அவன் கொஞ்சநேரம் பேசாமல் இருந்தான். பிறகு ஃபாரா கப்பலின் அரிசியைக் கணக்குப் போட்டோம். 14,000 தொன் என்பது ஒரு கோடியே 40 இலட்சம் கிலோ. அதை 80 இலட்சத்தால் பிரித்தால் 1.75 கிலோ. என் மாதிரிக் கப்பலின் அளவில் அந்தக் கப்பல் நிறைந்த அரிசி ஒன்றேமுக்கால் கிலோ, எங்கள் வீட்டில் ஆட்கள் கூடிய நாளில் உலையில் போடும் அரிசி.

அக்கா அரிசியை நிறுத்துத் தந்தா. ஐந்து பொலித்தீன் பைகளில் பிரித்துக் கட்டினோம், ஒரு சரக்கறைக்கு ஒன்று. பைகளைத் தட்டிச் சமமாகப் பரப்பவேண்டும். ஒரு பக்கம் குவிந்தால் கப்பல் சரிந்துவிடும். அசலிலும் தானியம் ஒருபக்கம் நகர்வது மாலுமிகள் அஞ்சும் ஒன்று. எஸ்.டி.14 முழுச் சரக்கோடு 8.8 மீற்றர் ஆழம் அமிழும். ஆகவே அடியிலிருந்து 44 மில்லிமீற்றரில் முன்கூட்டியே ஒரு வெள்ளைக் கோடு போட்டு, கீழே சிவப்பும் மேலே கறுப்பும் பூசியிருந்தேன். கிணற்றடித் தொட்டியில் வெறுங் கப்பலை இறக்கியபோது சிவப்பு வயிறு முழுக்க வெளியே தெரிய, காற்றுக்கு ஆடிக்கொண்டு நின்றது. பைகளை ஒவ்வொன்றாக வைத்தோம். ஒவ்வொரு பைக்கும் அது அமைதியாகியது, ஆட்டம் நின்றது. ஐந்தாவது பையோடு தண்ணீர் கோட்டுக்கு இரண்டு மில்லிமீற்றர் கீழே வந்து நின்றது.

“இன்னும் கொள்ளும் மாமா” என்றான். கொள்ளும்தான், இந்த வகை 15,000 தொன் ஏற்றும், நாங்கள் வைத்தது 14,000. ஒரு பிடி அரிசி 60 கிராம் என்றால் அசலில் அது 480 தொன். அவன் நடுச் சரக்கறையில் இரண்டு பிடி போட்டான். தண்ணீர் வெள்ளைக் கோட்டைத் தொட்டது. உப்புத் தண்ணீராக இருந்திருந்தால் கப்பல் ஒரு மில்லிமீற்றர் மேலே நின்றிருக்கும். நன்னீரில் கப்பல் கூட அமிழும் என்பதால்தான் அசல் கப்பல்களின் பக்கத்தில் கடலுக்கு ஒரு கோடும் ஆற்றுநீருக்கு ஒரு கோடும் தனித்தனியாகப் போடுகிறார்கள். மருமகன் தொட்டியின் விளிம்பில் நாடியை ஊன்றி, கண்ணைத் தண்ணீர் மட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் அவன் பக்கத்தில் குனிந்து பார்த்தேன். நிறைந்த ஒரு கப்பல், 100 மீற்றருக்கு அப்பால்.